பழைய கேமிங் கணினி: எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது?

புதிதாக வந்த கேம் திக்கித் திக்கி ஓடத் தொடங்கியதும் பலர் முதலில் பார்ப்பது கிராபிக்ஸ் கார்டு விலைப் பட்டியலைத்தான். பல சமயம் அது சரியான இடம். சில சமயம் பணம் மட்டும் போகும், திக்கல் அப்படியே இருக்கும்.

கணினியில் எந்தப் பாகமும் தனியாக மாறுவதில்லை. பெரிய கார்டு வந்தால் பவர் சப்ளையும் மாற வேண்டியிருக்கும், சில வேளை கேபினட்டும். புதிய பிராசசர் மதர்போர்டைக் கேட்கும், மதர்போர்டு ராமையும் கூலரையும் கேட்கும். ஆகவே ஒரு பாகம் என்ன விலை என்று பார்க்கும்போதே, அது தன்னோடு எதையெல்லாம் இழுத்துவரும் என்றும் பாருங்கள். கீழே உள்ள முதல் மூன்று படிகளை முடிக்கும்வரை எதையும் வாங்க வேண்டாம். அந்த மூன்றுக்கும் ஒரு மாலைப்பொழுது போதும், பெரிய செலவு ஏதும் இல்லை.

1. இருப்பதை எழுதி வையுங்கள்

பிராசசரின் முழு மாடல் எண், மதர்போர்டின் மாடல், பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) பதிப்பு, ராம் எத்தனை குச்சி, என்ன வேகம், கிராபிக்ஸ் கார்டும் அதன் விராம் (கார்டிலேயே உள்ள நினைவகம்) அளவும், டிஸ்க்குகள், மானிட்டரின் ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும். இவற்றை சிபியு-இசட், ஜிபியு-இசட் என்ற இரண்டு இலவச மென்பொருள்களும் விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸும் சொல்லிவிடும்.

பவர் சப்ளையை மட்டும் எந்த மென்பொருளும் காட்டாது. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, லேபிளில் உள்ள மாடலையும் வாட்டையும் பார்த்து எழுதுங்கள். வாங்கிய ஆண்டு பில்லில் இருக்கும். தகடு திறந்திருக்கும்போதே கார்டு ஸ்லாட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க ஃபேன் வரை எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

காகிதங்களையும் இப்போதே தேடி எடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பில், சீரியல் எண், வாரண்டி முடியும் தேதி. விண்டோஸ் உரிமம் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று ஆக்டிவேஷன் பக்கத்தில் பாருங்கள். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டது. போர்டை மாற்றினால் அது செல்லாமல் போகலாம், அப்போது புதிய உரிமமும் செலவுக் கணக்கில் சேரும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறது என்றால் அதன் ரிகவரி கீயைக் காகிதத்தில் எழுதுங்கள். அது ஏன் என்பது கடைசிப் படியில்.

பெட்டியோடு முழுதாக வாங்கிய பிராண்டட் கணினி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றில் பலவற்றின் மதர்போர்டும் பவர் சப்ளையும் ஏடிஎக்ஸ் என்ற வழக்கமான அளவிலோ இணைப்பிலோ இருக்காது. அப்படியானால் சின்ன கார்டு, ராம், எஸ்எஸ்டி ஆகியவற்றுக்கு மேல் அதில் பணம் போடாதீர்கள்.

2. காசில்லாமல் தீர்பவற்றை முதலில் தீருங்கள்

மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கிறதா? மதர்போர்டின் போர்ட்டில் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று புலம்புவது நாம் நினைப்பதைவிட அதிகம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸ் செட்டிங்ஸில் 60-இலேயே நின்றுகொண்டிருப்பதும் அப்படித்தான்.

அடுத்தது ராம் வேகம். 3200 என்று பெட்டியில் போட்டிருக்கும் டிடிஆர்4 ராம், பயாஸில் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை இயக்காவிட்டால் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். சில போர்டுகளில் இதற்கு டிஓசிபி என்று பெயர், டிடிஆர்5 ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்போ. சிபியு-இசட் காட்டும் எண் பாதியாக இருக்கும், 1600 என்று இருந்தால் 3200 என்று பொருள். இரண்டு குச்சிகளும் அடுத்தடுத்த ஸ்லாட்டில் இருந்தால் டூயல் சேனல் (இரண்டு குச்சியும் ஒருசேர வேலை செய்வது) கிடைக்காமல் போகலாம். நான்கு ஸ்லாட் போர்டில் பொதுவாக பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் சரியான இடம். பிராசசர் தடையாக இருக்கும் கேம்களில் இவை இரண்டையும் சரிசெய்தாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு வெப்பம். வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து அரைமணி நேரம் ஆடுங்கள். பிராசசர் 90 டிகிரிக்கு மேல் போய் அதன் கிளாக் வேகம் விழுகிறது என்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது கூலரில் தூசி அடைத்திருக்கிறது. கிராபிக்ஸ் கார்டின் ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான புள்ளி) 105 டிகிரியைத் தொட்டால் அங்கும் அதே கதைதான். ஒரு பேஸ்ட் குழாய், ஒரு தூரிகை, ஒரு மணி நேரம். தூசி ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுப்பாடின்றிச் சுழன்றால் அதன் பேரிங் கெடும்.

3. தடை எங்கே என்று அளந்து பாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை ரிவாட்யூனருடன் சேர்த்து நிறுவுங்கள். திரை மூலையில் இவை தெரியும்படி வையுங்கள்: எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்), 1% லோ (மிக மோசமான ஒரு சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்), ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) பயன்பாடு, விராம், ராம், பிராசசரின் ஒவ்வொரு கோரின் பயன்பாடு. வி-சிங்க்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் ஹெர்ட்ஸோடு கட்டிவைப்பது) எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்துவிடுங்கள். இவை இயங்கினால் எல்லா எண்ணும் பொய் சொல்லும்.

உங்களுக்குத் தொல்லை தரும் கேமில், தொல்லை தரும் இடத்தில், ஒரே பாதையில் இரண்டு நிமிடம் ஓடுங்கள். மூன்று முறை செய்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜிபியு பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் தடை. அது 60, 70 என்று தொங்கிக்கொண்டு எஃப்பிஎஸ்ஸும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பிராசசர். இங்கே பலர் ஏமாறுவது பிராசசரின் மொத்தச் சதவீதத்தைப் பார்த்து. எட்டு கோர் பிராசசரில் கேமின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களில் திணறிக்கொண்டிருக்கும், மொத்தம் 30 சதவீதம் என்று காட்டும். 'பிராசசர் சும்மாதானே இருக்கிறது' என்று கார்டு வாங்கப் போய்விடுவார்கள். ஜிபியு எண்ணை நம்புங்கள், பிராசசரின் மொத்த எண்ணை நம்பாதீர்கள்.

இப்போது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான சோதனை. மற்ற செட்டிங்ஸைத் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் 720பி-க்கு இறக்கி அதே பாதையில் ஓடுங்கள். கார்டின் சுமை சரிந்துவிடுவதால், இப்போது வரும் எஃப்பிஎஸ் கிட்டத்தட்ட உங்கள் பிராசசரின் உச்சவரம்பு. 1080பி-இல் 55 வந்து 720பி-இல் 110 வந்தால், நல்ல கார்டு போட்டால் 110-ஐ நெருங்கலாம். 1080பி-இல் 55, 720பி-இல் 60 என்றால் உலகத்தின் மிக வேகமான கார்டைப் போட்டாலும் அந்த இடத்தில் 60-ஐச் சுற்றித்தான் கிடைக்கும். இந்த ஒரு எண் கையில் இருந்தால் கார்டு விமர்சனங்களைப் படிக்கும் விதமே மாறும். விமர்சகர்கள் சோதிப்பது அப்போதைய மிக வேகமான பிராசசரில். அங்கே 140 என்று போட்டிருந்தாலும் உங்கள் வரம்பு 75 என்றால் உங்களுக்குக் கிடைப்பது 75.

சராசரி நன்றாக இருந்து நடுநடுவே சுருக்கென்று நின்று நின்று போனால் வேறு இடத்தில் பாருங்கள். விராம் முழுதாக நிரம்பி, டெக்ஸ்சரை ஒரு படி இறக்கியதும் திக்கல் மறைந்தால் விராம் பற்றாக்குறை. ராம் 16 ஜிபியும் நிறைந்திருந்தால் ராம். புதிய பகுதிக்குள் நுழையும்போது மட்டும் நின்று, கேம் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் டிஸ்க். முதல் தடவை மட்டும் திக்கி, அதே இடத்துக்குத் திரும்பிப் போகும்போது சீராக ஓடினால் அது ஷேடர் கம்பைலேஷன், அதாவது கேம் தன் காட்சி நிரல்களை அந்த நேரத்தில் உங்கள் கார்டுக்கேற்ப மாற்றுவது. அதற்கு எந்தப் பாகமும் முழு மருந்தல்ல, கேமை எழுதியவர்கள்தான் திருத்த வேண்டும்.

4. கிராபிக்ஸ் கார்டு தடை என்றால்

விமர்சனங்களில் உங்கள் பழைய கார்டும் புதியதும் ஒரே அட்டவணையில் இருப்பதைத் தேடுங்கள். உங்கள் ரெசல்யூஷனில் குறைந்தது 50 சதவீதம் கூடுதல் இல்லையென்றால் வாங்காதீர்கள். 20 சதவீத உயர்வை அட்டவணையில்தான் பார்க்கலாம், ஆடும்போது உணர மாட்டீர்கள்.

விராம் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 1080பி-க்கு 8 ஜிபி இன்னும் தாக்குப்பிடிக்கும், ஆனால் புதிய கேம்களில் டெக்ஸ்சரைக் குறைக்க வேண்டிவரும். 1440பி என்றால் 12-க்குக் கீழே போகாதீர்கள். ஒரே பெயரில் 8, 16 என்று இரண்டு வகையாக வரும் கார்டுகள் இருக்கின்றன, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே அப்படி. வாங்குமுன் ஜிபி எண்ணைப் பாருங்கள்.

பழைய மதர்போர்டில் ஒரு மறைமுகக் கண்ணி பிசிஐஇ லேன்கள், அதாவது கார்டும் போர்டும் தரவு பரிமாறும் தடங்கள். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, 5060 போன்றவை எட்டு லேன்களை மட்டுமே பயன்படுத்துபவை. உங்கள் போர்டு பிசிஐஇ 3.0 என்றால் சிறிது இழப்பு இருக்கும், விராம் நிரம்பும்போது அது பெரிதாகும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் நான்கு லேன். 3.0 போர்டில் அதைப் போடவே வேண்டாம். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (பிராசசர் விராம் முழுவதையும் ஒருசேர அணுக விடும் பயாஸ் வசதி) கட்டாயம் போலத்தான், அது இல்லாத பழைய போர்டில் பெருமளவு வேகம் போகும்.

உங்களிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 10 வரிசை என்றால் அளவீடு ஒருபுறம் இருக்க, காலக்கெடுவும் இருக்கிறது. என்விடியா அவற்றுக்கான கேம் ரெடி டிரைவர்களை 2025 அக்டோபருடன் நிறுத்திக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். தவிர, 2024-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிடும்) வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஜிடிஎக்ஸ் 1080 டிஐ எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அங்கே வேலைக்காகாது.

கடைசியாக மானிட்டர். 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டருக்கு முன்னால் உயர்ரகக் கார்டை வைப்பது வீண். அந்தப் பணத்தைப் பிரித்து, நடுத்தரக் கார்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வாங்கினால் கிடைக்கும் மாற்றம் பல மடங்கு பெரிது.

5. பவர் சப்ளையைச் சோதிக்காமல் கார்டு வாங்காதீர்கள்

ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் இணைப்பு 75, 8 பின் 150. ஜிடிஎக்ஸ் 1060 எடுத்தது 120 வாட். ஆர்டிஎக்ஸ் 5070 எடுப்பது 250, ஆர்டிஎக்ஸ் 3080 எடுப்பது 320. கார்டு நிறுவனம் பரிந்துரைக்கும் மொத்த வாட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். 3080 போன்ற கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தங்கள் வழக்கமான வாட்டைவிடப் பெரிதும் அதிகமாக இழுக்கும். கனமான காட்சியில் கணினி திடீரென அணைந்து மறுபடி எழுகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பத்து ஆண்டைத் தாண்டிய பவர் சப்ளை, வாட் போதுமானதாக இருந்தாலும், புதிய கார்டோடு சேர்ந்து மாற வேண்டியதே. பேர் தெரியாத மலிவு ரகம் என்றால் வயதுகூடப் பார்க்க வேண்டாம். பயன்படுத்திய பவர் சப்ளை வாங்குவதும் வேண்டாத வேலை.

இரண்டு எச்சரிக்கைகள். மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பெட்டியை மட்டும் செருகாதீர்கள். கேபிள் பொருந்தும், ஆனால் பவர் சப்ளைப் பக்கத்தில் எந்தப் பின் எந்த வோல்ட் என்பதற்குப் பொதுத் தரம் கிடையாது. டிஸ்க்குகள் நொடியில் கருகும். இரண்டாவது, 8 பின் இரண்டு கேட்கும் கார்டுக்கு ஒரே கேபிளின் இரட்டைக் கொண்டையைப் பயன்படுத்தாமல் தனித்தனிக் கேபிள் இரண்டு இழுங்கள். 12 பின் புதுவகை இணைப்பு என்றால் க்ளிக் என்று முழுதாக உள்ளே போகும்வரை அழுத்துங்கள். பாதி செருகிய நிலையில் உருகிப்போன இணைப்புகள் உண்டு.

6. பிராசசர் தடை என்றால்: போர்டை மாற்றாமல் முடியுமா?

முதல் கேள்வி இதுதான். மதர்போர்டு நிறுவனத்தின் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு (பிராசசர்) ஆதரவுப் பட்டியலைத் திறந்து, அதன் உச்சியில் இருக்கும் பிராசசரைப் பாருங்கள்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் பொருந்தும் இடம்) உள்ள போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017-இல் வாங்கிய பி350 போர்டில்கூட, பயாஸை மேம்படுத்தினால், பெரும்பாலும் ரைசன் 5000 வரிசை ஏறும். ரைசன் 5 1600-இலிருந்து ரைசன் 5 5600-க்குப் போவது, போர்டு, ராம், விண்டோஸ் எதையும் தொடாமல் கிடைக்கும் பெரும் பாய்ச்சல். 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) உள்ள 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி நியாயமான விலையில் கண்ணில் பட்டால் அதுவே ஏஎம்4-இன் உச்சம். பழைய பிராசசரின் பெட்டியோடு வந்த சின்னக் கூலர் அவற்றுக்குப் போதாது.

இன்டெலில் சாக்கெட் பெயரை நம்பி ஏமாறக்கூடாது. 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் எல்ஜிஏ 1151-தான், ஆனால் பழைய போர்டு புதியவற்றை ஏற்காது. எல்ஜிஏ 1200 போர்டுகளில் 10, 11 இரண்டும் பொதுவாக ஏறும், எச்410, பி460 போர்டுகளில் 11 ஏறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்ஜிஏ 1700-இல் 12, 13, 14 மூன்றும் உண்டு. 13, 14ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசசர்களில் அதிக வோல்டேஜால் நிலைகுலையும் கோளாறு வெளிப்பட்டு, இன்டெல் 2024-இல் மைக்ரோகோட் (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தம் தந்தது. அந்தத் திருத்தம் உள்ள பயாஸை ஏற்றிவிட்டே அவற்றைப் பொருத்துங்கள். பயன்படுத்திய ஐ7, ஐ9 என்றால் முன்பு எந்த பயாஸில் ஓடியது என்பதே தெரியாது, தவிர்ப்பது நலம்.

இந்த வழி அடைபட்டால் போர்டு, பிராசசர், ராம், பல சமயம் கூலர் என எல்லாம் சேர்ந்துதான் மாறும். ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். 2025 கடைசி மாதங்களில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை கிடுகிடுவென ஏறிய பிறகு இந்தக் கணக்கு முன்புபோல் எளிதல்ல. கையில் 32 ஜிபி டிடிஆர்4 இருந்தால் அதை ஏற்கும் எல்ஜிஏ 1700 போர்டையும் பரிசீலியுங்கள். அந்த சாக்கெட்டில் டிடிஆர்4-க்குத் தனிப் போர்டு, டிடிஆர்5-க்குத் தனிப் போர்டு, பெயரின் கடைசி எழுத்துகள் வரை படித்து வாங்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையும் ரைசனில் 2000 வரிசையும் அதற்கு மேலும் வேண்டும், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். டிபிஎம் இல்லை என்று கணினி சொன்னால் போர்டை மாற்ற ஓடாதீர்கள். பயாஸில் இன்டெலுக்கு பிடிடி, ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்ற பெயரில் அது அணைந்து கிடக்கும்.

7. ராமும் எஸ்எஸ்டியும்

8 ஜிபி என்றால் யோசிக்காமல் 16 ஆக்குங்கள். 16 இருந்தால் அளவீடு நிரம்புவதாகச் சொன்னால் மட்டும் 32. பழைய குச்சிகளோடு வேறு மாடலைக் கலந்தால் எக்ஸ்எம்பி வேகத்தில் எழாமல் போகும் வாய்ப்பு அதிகம். இரண்டு குச்சி கொண்ட ஒரே கிட் வாங்கிப் பழையதை விற்றுவிடுங்கள்.

கேம் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் எஸ்எஸ்டி வாங்குங்கள், ஸ்டார்ஃபீல்ட் போன்றவை அதைக் குறைந்தபட்சத் தேவையாகவே கேட்கின்றன. ஏற்கெனவே சாட்டா வகை எஸ்எஸ்டி இருந்தால் அதைவிட வேகமான என்விஎம்இ வகைக்கு மாறி லோடிங்கில் சில நொடிகளுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். எம்.2 ஸ்லாட்டில் என்விஎம்இ போட்டால் சில போர்டுகளில் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செத்துவிடும். எந்த எண்கள் என்று மேனுவலில் ஒரு வரி இருக்கும்.

8. கூட்டிப் பார்க்கும் விதம்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: வாங்கும் பாகம், அது இழுத்துவருவது, பழையதை விற்றால் வருவது. மொத்தம், அதே திறனுள்ள புதிய கணினியின் விலையில் பாதிக்குள் நின்றால் மேம்படுத்துங்கள். மூன்றில் இரண்டைத் தாண்டினால் புதிதாகவே கட்டி, கேபினட், எஸ்எஸ்டி, தேறினால் பவர் சப்ளை ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் விழுந்தால் கார்டை இப்போது வாங்குங்கள், அடுத்த கணினிக்கும் அது போகும். பழைய சாக்கெட்டுக்கு வாங்கும் பிராசசர் அப்படிப் போகாது.

9. எப்போது, எப்படி வாங்குவது

புதிய தலைமுறைக் கார்டுகள் அறிவிக்கப்படும் தறுவாயில் பழைய தலைமுறையை முழு விலைக்கு வாங்காதீர்கள். அறிமுகத்துக்குப் பிந்தைய வாரங்களில் பயன்படுத்திய கார்டுகள் சந்தைக்கு வரும்.

எல்லாப் பாகங்களும் ஒரே வாரத்தில் கைக்கு வரும்படி வாங்குங்கள். தள்ளுபடி என்று பவர் சப்ளையை முதலில் வாங்கி, கார்டு இரண்டு மாதம் கழித்து வந்தால், பொருத்திப் பார்க்குமுன்பே முதலில் வாங்கியதைத் திருப்பித் தரும் கெடு முடிந்திருக்கும்.

பயன்படுத்தியவற்றில் பிராசசர்தான் குறைந்த ஆபத்து. ஏஎம்4 என்றால் அடியில் உள்ள பின்கள் வளையாமல் இருக்கின்றனவா பாருங்கள். இன்டெல் போர்டு என்றால் சாக்கெட்டுக்குள் உள்ள பின்களைப் பாருங்கள். கார்டை ஓடும் நிலையில், குறைந்தது 20 நிமிடம் சுமையேற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். திரையில் புள்ளி, கோடு, ஃபேனில் உரசல், ஹாட்ஸ்பாட் வெப்பம் மூன்றையும் கவனியுங்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கார்டில் ஒட்டியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். வாரண்டி பில்லைப் பார்த்தா சீரியலைப் பார்த்தா, முதல் உரிமையாளருக்கு மட்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

10. மாற்றும் நாள்

ராமுக்குக் கால் மணி, கார்டுக்கு முக்கால் மணி, பிராசசருக்கும் பவர் சப்ளைக்கும் தலா இரண்டு மணி, மதர்போர்டுக்கு அரை நாள் என்று ஒதுக்குங்கள். முக்கியக் கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிராசசர் மாறுகிறது என்றால் பழையது உள்ளே இருக்கும்போதே பயாஸை மேம்படுத்துங்கள். கழற்றிய பிறகு நினைவுக்கு வந்தால் திரும்பப் பொருத்த வேண்டியதுதான். ஏஎம்4-இல் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பிராசசரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி எடுத்துவரும், பின்கள் வளையும். கழற்றுமுன் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடேற்றி, அணைத்த பின் கூலரை இடம் வலமாக லேசாகத் திருகி எடுங்கள்.

புதிய ஏஎம்டி பிராசசரோடு முதல்முறை எழும்போது எஃப்டிபிஎம்-ஐ அழிக்கவா என்று பயாஸ் கேட்கலாம். ஒப்புக்கொண்டால் பிட்லாக்கர் ரிகவரி கீயைக் கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளது போனதுதான். அதற்காகத்தான் முதல் படியிலேயே எழுதச் சொன்னது. முந்தின நாளே பிட்லாக்கரை இடைநிறுத்திவைப்பது இன்னும் பாதுகாப்பு.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, எழுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கார்டின் நிறுவனம் மாறினால் பழைய டிரைவரை முழுதாக நீக்குங்கள். பயாஸை மேம்படுத்தியதும் எக்ஸ்எம்பி அணைந்திருக்கும், மறுபடி இயக்க வேண்டும்.

பிறகு மூன்றாம் படியில் ஓடிய அதே பாதையில், அதே செட்டிங்ஸில் ஓடிப் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். எதிர்பார்த்தது வரவில்லை என்றால், கார்டு சுமையில் இருக்கும்போது ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற கட்டத்தைப் பாருங்கள். 16 லேன் கார்டு 8 அல்லது 4 என்று காட்டினால் கார்டு சரியாக உட்காரவில்லை, அல்லது தவறான ஸ்லாட்டில் இருக்கிறது. புதியதைத் திருப்பித் தரும் கெடு முடியும்வரை பழைய பாகத்தை விற்காமல் வைத்திருங்கள்.